மூன்றாவது நிமிடத்தில் அழுதது யார்?

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் பதினோரு மாதம் ஆகிவிட்டது. முதல் மாதமே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் அதில் அழுகை மட்டும்தான் இருந்திருக்கும். இப்போது சொல்லச் சேதி இருக்கிறது. உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், ஐந்து மாதம். காது மடல் அப்படியே உங்களுடையது.

உங்கள் கிட்டார் ரசிகர் கூட்டமும் நலம். நம் வீட்டு மாடியில் நடந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டை இப்போது வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. பாடகரே இல்லாமல் கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் வாசிக்கும் உங்கள் வெளிநாட்டு ராக் குழு, யாரோ பாடிய பழைய ப்ளூஸ் சோகப் பாட்டைத் தன் பாணியில் வாசித்ததே, அதே பதிவுதான். அதே மூன்றாவது நிமிடம்தான்.

"அதுல ஒரு பொம்பள அழுகுறா, எனக்குக் கேக்குது" என்பார் ஆரோக்கியம் மாமா. "கம்பிய இழுக்குற சத்தம்லே அது" என்பார் சின்னாளப்பட்டி பாண்டி மாமா. முப்பது வருஷமாக இரண்டே கட்சி. நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டால் மட்டும் காபி போட எழுந்து போய்விடுவீர்கள்.

போன மாதம் குழுவில் புதிதாகச் சேர்ந்த சென்னை ரசிகர் ஒருவர் அந்தப் பாட்டின் தெளிவான அசல் பதிவைப் போட்டார். அதில் அழுகையும் இல்லை, கம்பி இழுப்பும் இல்லை. "அங்கிள், ஒரு தடவை காது டாக்டரைப் பாருங்க" என்று ஆரோக்கியம் மாமாவுக்கு ஒரு கேலி வேறு.

அவர் நிஜமாகவே போய்ப் பார்த்தார், அப்பா. காதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்திவிட்டது. அவருடைய கேசட்டும் பாண்டி மாமாவுடையதும் எப்போதோ நாடா சிக்கிப் போய்விட்டன. எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை. குழுவை விட்டே விலகிவிட்டார். பிள்ளையைப் பார்க்க வந்தவர், "இல்லாத சத்தம் முப்பது வருசமா கேட்டிருக்குன்னா, எனக்குப் புத்தி பெரண்டு போச்சா பாப்பா?" என்றார்.

எனக்கே அப்படி ஒரு பயம் இருந்தது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் உங்கள் பேத்தி அழத் தொடங்குவாள். எட்டு மணிவரை ஓயமாட்டாள். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். நான் போனில் தேடித் தேடி இல்லாத நோயை எல்லாம் அவளுக்கு வைத்துப் பார்ப்பேன். படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது. எனக்குப் பிள்ளை வளர்க்கவே தெரியவில்லையோ?

போன வாரம் எதற்கும் அடங்காதபோது, உங்கள் டேப்ரெக்கார்டரைத் தூசி தட்டி, நீங்கள் மாடிக்கு எடுத்துப் போகாமல் அலமாரியிலேயே வைத்திருந்த அந்தப் பாட்டுக் கேசட்டைப் போட்டேன். கிட்டாருக்கு அவள் மசியவில்லை. மூன்றாவது நிமிடம் வந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு டேப்ரெக்கார்டரையே பார்த்தாள். ஒரு கைக்குழந்தை அழுவது இன்னொரு கைக்குழந்தைக்குத் தெரியாதா?

சத்தத்தைக் கூட்டி, காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். அழுகைக்கு அடியில் உங்கள் குரல்.

"செத்த பொறு அப்பு, முடியப் போகுது."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அது நீதேன்டி. எரவல் கேசட்டு, அன்னைக்கே திருப்பிக் குடுக்கணும்னு ரெண்டு டேப்ப எதிரெதிர வச்சுக் கதவச் சாத்திக்கிட்டாரு. நீ சாயங்காலமானா கத்துவ. மடில போட்டு ஆட்டிக்கிட்டே பதிஞ்சாரு. அம்புட்டுப் பேரும் அதுல இருந்துதானே காப்பி எடுத்தாக."

"இத ஏம்மா நீ சொல்லவே இல்ல?"

"அவுக எதுக்குச் சண்ட போட்டாகன்னு எனக்கென்ன தெரியும்? என்னைய யாரு கேட்டா?"

"நானும் இம்புட்டா அழுதேன்?"

"இவ தேவல."

காப்பிக்குக் காப்பி எடுத்ததில் உங்கள் குரல் மங்கி, என் அழுகை மட்டும் தங்கியிருக்கிறது. உங்களுக்குத் தெரியும்தானே அப்பா? சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்றா சொல்லவில்லை? இல்லை, நான் அழுததை நாலு பேர் உட்கார்ந்து ப்ளூஸ் என்று கேட்டது பிடித்திருந்ததா?

நீங்கள் மூடி வைத்ததை நான் உடைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆரோக்கியம் மாமாவின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. இரண்டு மாமாக்களையும் வரச்சொல்லிப் போட்டுக் காட்டினேன்.

உங்கள் குரல் வந்ததும் ஆரோக்கியம் மாமா டேப்ரெக்கார்டர்மேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. "இருக்குல்ல? நான் சொன்னேன்ல?"

பாண்டி மாமாதான் கத்தினார். "ஏலே, பச்சப்புள்ள பாலுக்கு அழுததுக்கா முப்பது வருசமா உங்கிட்ட வாய் வலிக்கப் பேசுனேன்?"

"பொம்பளக் குரலுன்னேன். பொம்பளப் புள்ள. தோத்தது நீதேன்."

"நாலு மாசத்துப் புள்ள பொம்பளயாலே?"

சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. ஆரோக்கியம் மாமா குழுவில் திரும்பச் சேர்ந்துவிட்டார். வருகிற ஞாயிறு இருவரும் மாடிக்கு வருகிறார்கள். காபி நான்தான் போட வேண்டும்.

இன்றும் அவள் ஆறு மணிக்கு அழுதாள். நான் போனைத் தொடவில்லை. மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே இந்தக் கடிதத்தில் பாதியை எழுதினேன். "செத்த பொறு அப்பு" என்று சொல்லிப் பார்த்தேன். அது உங்கள் குரலாகவே வந்தது.

ஒரு வாக்குத் தருகிறேன் அப்பா. அவள் அழுகிறாள் என்று நான் எதையும் பாதியில் நிறுத்த மாட்டேன். எதற்காகவும் அவளை மடியிலிருந்து இறக்கவும் மாட்டேன்.

மூன்றாவது நிமிடத்தில் அழுத
உங்கள் மகள்,
செலின்