யாரும் கடக்கவில்லை என்று அழிக்கப்பட்ட வெள்ளைக்கோடுகள்

அனுப்புநர்:
பேருந்து ஓட்டுநரின் மனைவி,
பூட்டுக்கடையை அடுத்த வீடு, கீழ்த்தளம்,
பெரிய சாலை.

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்துத் திட்ட அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டெதிரே சாலையைக் கடக்கும் வெள்ளைக்கோடுகளை அழித்துக் கம்பித்தடுப்பு வைத்தது – மறுபடி எண்ணிப் பார்த்துத் திறந்துவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த வியாழக்கிழமை தங்கள் அலுவலகத்தில் இருந்தவர்கள்: நான், என் கணவர், கொழுந்தனாரின் மனைவியான என் ஓரகத்தி, அவர் வேலை செய்யும் தையல்கடையின் சொந்தக்காரர், மேசைக்கு அந்தப்புறம் தங்கள் உதவிப் பொறியாளர். அங்கே கேட்டது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

2. என் ஓரகத்திக்குச் சிறுவயதிலேயே ஒரு கால் சூம்பிவிட்டது. ஊன்றுகோலுடன், அந்த வெள்ளைக்கோடுகளின் மேல்தான் எதிர்ப்பக்கத்துத் தையல்கடைக்குப் போய்வந்தார். சென்ற மாதம் திடீரென்று கோடுகளைச் சுரண்டிவிட்டு, சாலை நடுவே கம்பித்தடுப்பை நிறுத்தினார்கள். இனி பெரிய சந்திப்பு வரை நடந்து, சுற்றித் திரும்ப வேண்டும். அந்தக் காலால் அது ஆகாது.

3. மின்கம்பத்தருகே தடுப்பில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட்டிருந்தார்கள். அதே வாரம் திங்கட்கிழமை அதன் வழியே போன என் ஓரகத்தியை லாரி இடிக்க வந்துவிட்டது. ஊன்றுகோல் சக்கரத்தடியில் போய் இரண்டாக முறிந்தது. ஆள் தப்பியது கடவுள் போட்ட உயிர்ப்பிச்சை. லாரிக்காரர் இறங்கி வந்தார். நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் அவருக்கும் தண்ணீர் கொடுத்தேன்.

4. இதைச் சொல்லத்தான் வியாழனன்று வந்தோம். பொறியாளர் கோப்பைப் புரட்டி, "அந்த இடத்துல யாருமே கடக்கலையேம்மா, கணக்கு அப்படித்தான் இருக்கு" என்றார். என் ஓரகத்தி, "அப்போ நான் என்ன பேயா சார்?" என்று கேட்டார்.

5. கணக்கெடுத்த தேதியைக் கேட்டேன். சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வாரம் கழிவுநீர்க் குழாய்க்காகக் கோடுகளின் இருமுனையிலும் பள்ளம் தோண்டி, தகரம் வைத்து மறைத்திருந்தார்கள். யார் கடக்க முடியும்? எண்ண வந்த இருவருக்கும் என் வீட்டு நிழலில் நாற்காலி போட்டுக் கொடுத்தவள் நான். வண்டிகளை எண்ணுகிறார்கள் என்றே நினைத்தேன். அவர்கள் பொய் எழுதவில்லை ஐயா. கண்டதை எழுதினார்கள். பள்ளம் இருந்ததை எழுத அந்தத் தாளில் இடமில்லை போலும்.

6. வெளியே வந்ததும் தையல்கடைக்காரர், "ஆள் ஊருக்குப் போன அன்னைக்கு அளவெடுத்து சட்டை தைச்சிருக்காங்க அக்கா" என்றார். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவளல்ல. வீட்டுக் கணக்கை எழுதியே எழுத்துப் பழகியவள். கடை அடைத்திருந்த வாரத்தில் அரிசி வாங்காததைப் பார்த்து, எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை என்று நான் ஒருநாளும் முடிவுகட்டியதில்லை.

7. என் கணவர் இதே சாலையில் பேருந்து ஓட்டுபவர். "அந்தக் கோட்டைப் பார்த்தாத்தான் எங்க கால் தானா பிரேக்குக்குப் போகும்" என்கிறார். இப்போது எல்லோரும் அவ்விடத்தில் வேகமெடுக்கிறார்கள்.

8. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு, எங்கள் துணையோடு தங்கள் அலுவலகத்துக்கு வந்ததைத் தவிர, ஓரகத்தி வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. லாரிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துகிறார். அவருடைய தையல் இயந்திரத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் மாதக்கடைசிவரை வைத்திருப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் அவராலும் முடியாது.

9. ஆகவே, பள்ளம் மூடியிருக்கும் இந்நாளில், அந்த இடைவெளியில் இன்றும் நுழைந்து போகிறவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்து, கோடுகளைத் திரும்பப் போட்டுத் தடுப்பைத் திறந்துவிடும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். எண்ண வருபவர்களுக்கு நாற்காலி என் வீட்டிலேயே இருக்கிறது. அன்று வீட்டுக்குள் இருக்கும் என் ஓரகத்தியையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தங்களுக்காகவும் நாள்தோறும் பிரார்த்திக்கிறேன். மாதக்கடைசிக்குள் பதில் எழுதுங்கள் ஐயா.

இப்படிக்கு,
(கையொப்பம்)
பேருந்து ஓட்டுநரின் மனைவி

இடம்: பெரிய சாலை
நாள்: இம்மாதம் பதினொன்றாம் தேதி