பதினைந்தாவது கோடு

அண்ணா,

அம்மா புளி தட்டிக்கொண்டிருக்கிறாள். மண்டியிலிருந்து இரண்டு மூட்டை வந்திருக்கிறது. வீடு முழுவதும் புதுப்புளி வாசனை. எழுதுகிற காகிதத்தில்கூடப் பிசுபிசுப்பு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கொட்டை தெறித்து என் பக்கம் உருண்டு வருகிறது. பார்க்காமலிருக்க முயல்கிறேன். பதினொன்று சேர்ந்ததும் கை தானாக அவற்றை வரிசையில் வைக்கிறது. கோல்காரனாக ஒன்று, அவனுக்கு முன் இரண்டு, பிறகு மூன்று, பிறகு ஐந்து. கலைக்கிறேன். மறுபடியும் வைக்கிறேன்.

"பரிச்சைக்குப் படிக்கிற லட்சணமா இது?" என்கிறாள் அம்மா.

நீ பட்டாளத்துக்கு ரயிலேறிய நாள் முதல், நீ இனி இல்லை என்ற தந்தி வந்த பிறகும், நான் ஸ்டேஷன் மைதானத்துப் பக்கம் போனதில்லை. நேற்று போனேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராக நேற்றைக்கு வர முடியவில்லை. நான் இரண்டாம் ஃபாரம் படித்தபோது வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வழியாகத்தான் வரவேண்டியிருக்கிறது.

நம் பொம்மிடி கால்பந்து அணிக்கு அப்போது ஆள் எடுத்த விதம் உனக்கு நினைவிருக்கும். கேப்டன் சவரிமுத்து அண்ணனின் சோடாக் கடைப் பலகையில் சாக்கட்டியால் பெயர் எழுதுவார்கள். போன ஆட்டத்தில் கோல் போட்டவர்கள் முதலில். அடுத்தது, பந்து வாங்கித் தந்த மண்டிக்காரரின் அக்காள் மகன். அவன் இடது ஓரத்தில் நிற்பான், பந்து வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழி விடுவான். அதன் பிறகு, கூட்டம் யார் பெயரைச் சொல்லிக் கத்தியதோ அவர்கள். எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தால் பத்துதான் இருக்கும். "அட, நம்ம மூட்டக்காரன உட்டுட்டமே!" என்று உன் பெயரைக் கடைசியில் சேர்ப்பார்கள். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன் நீ. நடு மூவரில் நடுவில் நிற்கும் சென்டர் ஹாஃப்.

எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் நோட்டு போட்டேன். ஒரு கோல் விழுந்தால் அதற்கு முன் பந்து யார் காலில் இருந்தது, அதற்கும் முன் யார் காலில், எதிராளியிடமிருந்து முதலில் பறித்தது யார் என்று பின்னோக்கி எழுதுவேன். பெரும்பாலும் உன்னிடம் வந்து நிற்கும். நீ நோட்டை வாங்கிப் பார்த்து, "பள்ளிக்கூடத்துல இதுக்கா மார்க் போடறாங்க?" என்று சிரித்தாய். ஆனால் ஒரு பக்கம் விடாமல் பார்த்தாய்.

அந்த வருடம் சேலத்து நூற்பாலை ஒன்று தன் அணிக்கு ஆள் தேடியது. எடுக்கப்பட்டவனுக்கு ஆலையில் நிரந்தர வேலை. ஏதோ ஓர் ஆட்டத்துக்கு அவர்கள் ஆள் வந்து பார்ப்பார். எந்த ஆட்டம் என்று தெரியாது. உன் தோளில் தழும்பு காய்த்துப் போயிருந்தது. உனக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். நான் ஜெபமும் செய்தேன், யோசனையும் செய்தேன். யோசனைதான் கெடுத்தது.

ஜங்ஷன் ரயில்வே அணியில் நெட்டையாக ஒரு சென்டர் ஃபார்வர்டு இருந்தான். நம்மவர்கள் வைத்த பெயர் ஒட்டகம். முந்தைய வருடம் அவன் ஒருவனே நான்கு கோல் போட்டான். அவனை எப்படித் தடுப்பது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, கான்வென்ட்டில் சிஸ்டர் அட்டை போடக் கொடுத்த பழைய ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. பாதி பூகோளப் புத்தகத்தின் அட்டையில் ஒட்டியாகிவிட்டது. மீதிப் பாதியை அகராதி வைத்துப் படித்தேன். சீமையில் சில சங்கங்கள் சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து, கோலுக்கு முன் நிற்கும் இரண்டு பேக்குகளுக்கு நடுவே நிறுத்துகின்றனவாம். எதிராளியின் சென்டர் ஃபார்வர்டைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலையாம்.

புளியங்கொட்டைகளை வைத்து உனக்குக் காட்டினேன். நீ குந்தி உட்கார்ந்து பார்த்தாய்.

"ஏன் புள்ள, நடுவுல ஓடற ஆளக் கொண்டுபோயி பின்னால நட்டு வெச்சா, நான் என்ன புளியமரமா?"

"நீ நின்னா ஒட்டகம் உள்ள வர முடியாதுண்ணா."

"அப்ப பந்து எடுத்துக் குடுக்கறது யாரு?"

"மத்த ரெண்டு பேரும்."

நீ ஒரு கொட்டையை எடுத்து, வாசற்படிக் கல்லில் தாயக்கட்டைக்கு உரைப்பதுபோல ஒரு பக்கம் வெள்ளையாக உரைத்தாய். "இது நானு," என்று சொல்லி இரண்டு பேக்குகளுக்கு நடுவே வைத்தாய். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆட்டத்தன்று நான் இருப்புப்பாதை ஓரம் அடுக்கியிருந்த மரக்கட்டைகளின் மேல் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். வேட்டிக்கு மேல் கோட்டு போட்ட ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மண்டிக்காரர் ஓடிவந்து தன் துண்டால் கட்டையைத் துடைத்துவிட்டார்.

"மில்லுக்கு ஆள் பாக்க எங்க ஊரையும் நெனச்சீங்களே, சந்தோசமுங்க."

நீ ஒட்டகத்தின் நிழல்போல நின்றாய். அவன் திரும்பும் இடத்தில் முன்கூட்டியே இருந்தாய். ஒவ்வொரு தடவை நீ தடுத்தபோதும் ஒரு கோடு போட்டேன். நான்கு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்கே. இரண்டு கட்டு நிறைந்து மூன்றாவது கட்டும் தொடங்கிவிட்டது. அப்போது அவர் கேட்டார்:

"நடுவுல ஒருத்தன் நட்ட கல்லாட்டம் நிக்கறானே, காலு கீலு சரியில்லையா?"

"அவன் கொஞ்சம் மந்தமுங்க," என்றார் மண்டிக்காரர். "மூட்ட தூக்கறவன். அத உடுங்க. முன்னாடி பாருங்க, கோவிந்தன்! குதிரைங்க, குதிரை!"

நோட்டு என் மடியில் விரித்தபடி இருந்தது. கை நீட்டினால் அவர் குடையைத் தொடலாம். "அவரு நிக்கலீங்க, தடுக்கறாருங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆண்பிள்ளைகள் நடுவே நான் ஒருத்தி. வாய் வரவில்லை. குனிந்து பாவாடைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தில் ஏதோ சத்தம் எழுந்து அடங்கியது. நிமிர்ந்தபோது பந்து எங்கோ போய்விட்டிருந்தது.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். கோவிந்தன் போட்ட கோல். கோட்டுக்காரர் அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு ரயிலேறிப் போனார்.

நீ வேர்வையோடு என்னிடம் வந்தாய். முகமெல்லாம் சிரிப்பு.

"எத்தினி?"

"பதினாலு."

"பதினஞ்சு. ஒண்ண உட்டுட்ட, புள்ள."

எதை விட்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. சொல்லவில்லை. கோட்டுக்காரரைப் பற்றியும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

கோவிந்தன் ஆலைக்குப் போனான். நீ மூன்று மாதம் மூட்டை தூக்கினாய், பிறகு பட்டாளத்தில் சேர்ந்தாய். உன்னை ஏற்றிக்கொண்டு போன ரயிலில் ஜன்னலுக்கு ஜன்னல் நான்கு தலை. புறப்படும்போது, "காயிதம் போடு. யாரு எங்க நின்னாங்கன்னு எழுது. கோலு கணக்க எவன் வேணா எழுதுவான்," என்று கத்தினாய். நான் எழுதவில்லை, அண்ணா. மைதானத்துக்குப் போனால்தானே எழுத. அரிசி கிடைக்காததைப் பற்றியும், கணக்குப் பரீட்சையைப் பற்றியும் எழுதினேன்.

நீ போன மழைக்காலத்தில் பூகோளப் புத்தகத்தின் அட்டை ஈரத்தில் உரிந்து வந்தது. கட்டுரையின் மறுபாதி. யாரும் கைதட்டாத அந்த நடு இடத்துக்குச் சரியான ஆள் வேண்டும் என்று சங்கத்தார் ஊர் ஊராய் அலைந்தார்களாம். கிடைத்தவனை வேறு யாருக்கும் விட்டுத்தர மறுத்தார்களாம். நான் உன்னை எங்கே நிறுத்துவது என்ற பாதியை மட்டும் படித்திருக்கிறேன். நிற்கிறவனை எப்படி மதிப்பது என்ற பாதி பசைக்கு அடியில் கிடந்திருக்கிறது.

போன புதன்கிழமை சவரிமுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். யுத்தம் முடிந்து ஜங்ஷன் அணி மறுபடி வருகிறதாம்.

"இந்தத் தடவயும் ஒரு நெட்டையன் இருக்கான் பாப்பா. நீ அன்னிக்குக் கொட்ட வெச்சுக் காட்டுனியாமே, அத எனக்கும் ஒருக்கா வெச்சுக் காட்டு."

"வேணாங்கண்ணா. அதனாலதான் எங்கண்ணனுக்கு மில்லு வேல போச்சு."

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவனுக்குத் தெரியும், பாப்பா. மில்லுக்காரன் வர்றான்னு காலையிலயே நான் சொன்னேன். நீ முன்னால ஏறி ஆடு, ஒட்டகத்த வேற ஆள வெச்சுப் பாத்துக்கறோம்னேன். 'வேற யாரு?'ன்னு கேட்டான். எண்ணிப் பாத்தா ஒருத்தனும் தேறல. அவனே போயி நின்னுட்டான்."

அன்றிலிருந்து பாடத்தில் ஒரு வரி ஏறவில்லை. தெரிந்துதான் நின்றாய் என்றால் என் மேல் பழி இல்லை என்று ஒரு நேரம் தோன்றும். அடுத்த நேரம், தெரிந்து நின்றவனுக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியாதவள் என்று தோன்றும். உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன். எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

நேற்று பூசை முடிந்து மதியம் மைதானத்துக்குப் போனேன். அதே கட்டை அடுக்கு. சவரிமுத்து அண்ணன் வத்தல்மலையிலிருந்து புளி மூட்டையோடு இறங்கிவரும் மாது என்பவரை, அன்று உன்னைப் பார்த்த நினைவிலேயே, நீ நின்ற இடத்தில் நிறுத்தியிருந்தார். பாறைபோல ஆள். நெட்டையன் பக்கம் பந்து வரும்போதெல்லாம் அவர் அங்கே இருந்தார். நான் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

"இவன எதுக்கு எடுத்தீங்க?" மண்டிக்காரர் கத்தினார். "மலையெறங்கி வந்தது நிக்கறதுக்கா?"

நான் எழுந்துவிட்டேன்.

"அவரு நிக்கலீங்க. பதினோரு தடவ தடுத்திருக்காருங்க. நோட்டுல இருக்குது, பாருங்க."

கூட்டம் திரும்பியது. "வக்கீலம்மா வந்துட்டாங்கடோய்!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். காது சுட்டது. ஆனாலும் உட்காரவில்லை. மண்டிக்காரர் நோட்டை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கோலு எங்கம்மா எழுதியிருக்க?"

"அதத்தான் எல்லாரும் பாக்கறீங்களேங்க."

அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் மைதானத்தில் சத்தம் எழுந்து அடங்கிவிட்டது. பேசியபோதும் ஒன்றை விட்டுவிட்டேன், பார்த்தாயா?

நாம் தோற்றோம், ஒன்றுக்குப் பூஜ்யம். மண்டிக்காரரின் அக்காள் மகன் இன்னமும் வழி விடுகிறான். ஆட்டம் முடிந்ததும் மாதுவிடம் போய்க் கேட்டேன்: "எங்கிட்ட பதினொண்ணுதாங்க இருக்குது. நீங்க எத்தினி எண்ணுனீங்க?"

அவர் விநோதமாகப் பார்த்தார். "அதெல்லாம் யாருங்க எண்ணுவாங்க? பந்து வந்துது, ஒதச்சேன்."

அந்தச் சொல் காதில் கேட்டபடியேதான் வீடு வந்தேன். யாரும் எண்ணுவதில்லை. நீ எண்ணினாய். கோட்டுக்காரர் வந்திருக்கிறார் என்று தெரிந்து, அவர் கண்ணில் பட மாட்டோம் என்றும் தெரிந்து, ஒட்டகத்தின் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாய். உனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. அவர் பார்க்காததை வேறு யாராவது வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தாயோ என்னவோ. ஓடிவந்து என்னிடம் கேட்டாய். என்னிடம் ஒன்று குறைந்திருந்தது.

பழைய நோட்டு இதோ மடியில் இருக்கிறது. மூன்றாவது கட்டில் நான்கு கோடுகள் மட்டும் நிற்கின்றன. பார்க்காததை எழுதக் கூடாது என்பது நானே எனக்கு வைத்த சட்டம். இத்தனை வருடம் அதற்காகத்தான் விட்டுவைத்திருந்தேன்.

இந்தக் காகிதத்தை முடிப்பதற்கு முன் பேனாவை மையில் தொட்டு, நான்குக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கோணலாக விழுந்திருக்கிறது. தரையில் பத்துக் கொட்டைகள் வரிசையில் இருக்கின்றன. பதினோராவதாக, என் ஜியாமெட்ரிப் பெட்டியில் காம்பஸோடு கலகலத்துக்கொண்டு தினமும் பள்ளிக்கூடம் வந்துபோகும் உன் வெள்ளைக் கொட்டையை எடுத்து வைத்தேன், இரண்டு பேக்குகளுக்கு நடுவே.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அது யாரு, தனியா வெள்ளையா?"

வாய் வந்தது, அண்ணா. சொன்னேன்.