ஷாஃபி மாமாவின் முகம் சிவந்த காரணம்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஆஷிஃபாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அத்தாவும் அல்லாஹ்வின் கிருபையால் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் மூச்சு வாங்குவதற்குள் உனக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடுகிறது. உனக்கு மலையாளம் வாசிக்கிற வேகத்தில் தமிழ் வாசிக்க வராது, அதுவும் நல்லதுதான், எழுத்துக்கூட்டி மெதுவாக வாசிப்பாய், நடுவில் என்னை நிறுத்தவும் முடியாது.

ஜூ டவுன் யூதத் தெருவில் இப்போது நல்ல கூட்டம். அத்தாவுக்கு முழங்கால் வலி இருந்தாலும் கடையை ஒரு நாள்கூட மூடுவதில்லை. வெளிநாட்டுக்காரர் யார் வந்து ஏலக்காயைத் தொட்டாலும் முதலில் நெதர்லாந்தா என்று கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, சாயா வரவழைத்து, உன் படத்தைக் காட்டி, மை டாட்டர், ராட்டர்டாம், கேன்சர் ரிசர்ச் என்று தொடங்கிவிடுவார். போன வாரம் ஒரு அம்மாள் தான் ஜெர்மனி என்று சொன்ன பிறகும் அத்தா விடவில்லை, பக்கத்து நாடுதானே என்று சொல்லிக் காட்டியிருக்கிறார். அந்த அம்மாளும் பொறுமையாகப் பார்த்துவிட்டு மிளகு வாங்கிக்கொண்டு போனாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஷாஃபி மாமா விஷயத்தில் உனக்குப் பாதிதான் தெரியும். உனக்கு அங்கே வேலை கழுத்தை நெரித்த நேரம், எல்லாவற்றையும் சொல்லி உன்னைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நான்தான் அடக்கிக்கொண்டேன். என் தம்பி தோப்பும்படி ஹார்பரில் மீன் ஏலம் கூவி விளித்த காலமெல்லாம் அவன் குரல் கேட்டுத்தான் கூட்டம் சேரும். அவனுக்கு முகம் சிவக்க ஆரம்பித்தது எப்போது என்று எங்களுக்கே சரியாக ஞாபகம் இல்லை. சாப்பிட்டால் சிவக்கும், சத்தமாகப் பேசினால் சிவக்கும், கழுத்து நெஞ்செல்லாம் ரத்தம் ஏறி, பார்க்கிறவர்களுக்குக் குடித்தவன் மாதிரியே இருக்கும். வயிற்றுப்போக்கும் கூடவே. ஹார்பரில் பாதி ஏலத்தில் விட்டுவிட்டு ஓடுவான். பார்த்த டாக்டர்கள் எல்லாம் கேஸ் என்றார்கள், குடல் புண் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஜனங்கள் வேறு பெயர் வைத்தார்கள். படகு முதலாளி சேவியர் ஒரு நாள் காலையில் அத்தனை பேருக்கும் நடுவில் நிறுத்தி, “ஷாஃபி, ஒந்நு ஊதிக்கே” என்று வாயை ஊதிக் காட்டச் சொல்லியிருக்கிறார். இவனும் ஊதிக் காட்டியிருக்கிறான். ஒரு வாடையும் இல்லை. ஆனாலும் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஏலம் விளிக்க வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள், இவனுக்கு மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிற வேலை. அன்றைக்கு நேராக நம் வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, “அக்கா, வாழ்க்கையில ஒரு சொட்டு நான் தொட்டதில்ல. எம் மூஞ்சியே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது” என்றான். அதற்கப்புறம் பள்ளிவாசலில்கூடப் பின் வரிசையில் நின்று, தொழுகை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வந்துவிடுவான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போகமாட்டான்.

அந்தப் பெருநாள் அன்றைக்கு நீ வீடியோவில் வந்தாய். எல்லாரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே உன்னிடம் பேசினோம். மாமாவின் முகம் சிவந்ததை இத்தனை வருடம் நாங்கள் எல்லாரும் பார்த்தோம், பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கப் பழகிவிட்டோம். நீ ஒருத்திதான் பேச்சை நிறுத்திவிட்டு, “மாமா, போனை எடுத்துக்கிட்டுத் தனியா வாங்க” என்றாய். அவன் அடுக்களைப் பின்பக்கம் போய் உன்னிடம் என்ன பேசினான் என்று எனக்கு அப்புறம்தான் தெரியும். சாப்பிட்டா கூடுதா, வயித்தாலயும் போகுதா, மூச்சு இழுக்குதா என்று நீ கேட்கக் கேட்க, “இந்தப் புள்ளை என் வயித்துக்குள்ள உக்காந்து பாத்த மாதிரி கேக்குது” என்று சொன்னான். நான் டாக்டர் இல்லை மாமா, ஆனால் நாளைக்கே ஒரு டாக்டரைப் பார்த்து நான் சொல்கிற பெயரைச் சொல்லுங்கள் என்று நீ சொன்னது, பிறகு அந்தப் பெயரை மலையாளத்தில் எழுதி அனுப்பியது, இரண்டும் இல்லாமல் இருந்தால் இன்றைக்கு என் தம்பி எங்கே இருப்பான் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயம்.

சிறுநீர் பரிசோதனையில் சந்தேகம் வந்தது, ஸ்கேனில் ஈரலில் கட்டிகள் தெரிந்தன, சதை எடுத்துப் பார்த்ததில் நீ சொன்ன நியூரோ எண்டோகிரைன் கேன்சர் என்றே வந்தது. சிறுகுடலில் தொடங்கி ஈரலுக்குப் போயிருக்கிறது. அந்தக் கட்டிகள் ஏதோ ஒரு நீரைச் சுரந்து ரத்தத்தில் விடுமாம், அதுதான் முகத்தில் ஏறுகிறது, அதுதான் வயிற்றையும் கலக்குகிறது. அவன் வாயை முகர்ந்து பார்த்தவர்கள் எல்லாரும் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு எர்ணாகுளத்தில் அந்தக் கேலியம் ஸ்கேன் எடுத்தோம். நீ எனக்கு விளக்கியதை நான் புரிந்துகொண்டது இப்படி: இந்தக் கட்டிகளின் மேல் கொக்கி மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் போய் மாட்டிக்கொள்கிற மருந்தோடு முதலில் ஒரு சின்ன வெளிச்சத்தைக் கட்டி அனுப்புகிறீர்கள், கட்டி எங்கெங்கே இருக்கிறதோ அங்கே எரிந்து காட்டுகிறது. அதே வழியில் அப்புறம் நெருப்பைக் கட்டி அனுப்பிச் சுடுகிறீர்கள். டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். மாமாவின் ஈரல் முழுக்க விளக்கு. மாமி பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள், இத்தனை எரிந்தால் மனுஷன் எப்படிப் பிழைப்பார் என்று அழுதாள். அந்த டாக்டர் நம் ஊர்ப் பெண்தான், மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, இது இவ்வளவு எரிவதுதான் நமக்கு வேண்டியது, மருந்து இதே இடத்துக்குப் போய்ச் சேரும் என்று சொன்னார். அப்போது மாமா வாயைத் திறந்தான். “டாக்டரே, எம் மருமவ இந்தப் பணிதான் நெதர்லாந்துல செய்யுது” என்றான். இத்தனை நாளாக நாலு பேர் முன்னால் பேசாதவன், அந்த அறையில் நர்ஸ், டெக்னீஷியன் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஏலம் விளிக்கிற குரலில் சொன்னான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

லுட்டீசியம் என்கிற அந்த நெருப்பு மருந்தை ஏற்றுகிற நாட்கள் லேசாக இல்லை. சிறுநீரகத்தைக் காப்பாற்ற ஏற்றுகிற ட்ரிப்பிலேயே வாந்தி எடுத்துத் துவண்டுவிடுவான். உடம்பிலிருந்து கதிர் வருமாம், அதனால் தனி அறை, தனிக் கழிப்பறை, வீட்டுக்கு வந்தும் சில நாள் யாரும் ஒட்டி உட்காரக் கூடாது. மாமாவின் மகள் ஷபானா அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி, தன் அத்தா பக்கத்தில் போகக் கூடாது என்று நம் வீட்டில்தான் இருந்தாள். தெருவின் அந்தப் பக்கம் மாமா நிற்பான், இந்தப் பக்கம் ஜன்னலில் மகள் நிற்பாள், இரண்டு பேரும் கையில் போனை வைத்துக்கொண்டு பேசுவார்கள். சேவியர் விஷயம் கேள்விப்பட்டு ஒரு முழு நெய்மீனோடு வாசலில் வந்து நின்றார். “ஷாஃபிக்கா, என்னோடு க்ஷமிக்கணம்” என்று மன்னிப்புக் கேட்டார். மாமா மீனைக் கையில் வாங்கிக்கொண்டு, உள்ளே வந்து சாயா குடிச்சிட்டுப் போ என்றான். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது சேவியர் கார்தான். இப்போது வாரத்தில் பாதி நாள் மாமா பழையபடி ஏலம் விளிக்கிறான். நான் ஒரு நாள் மீன் வாங்குகிற சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறான், முகம் அவன் முகமாகவே இருக்கிறது.

இனி நீ போன வெள்ளிக்கிழமை சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் புது மருந்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கட்டிக்குப் போகாமல் வேறெங்கெங்கோ போய்த் தங்கிவிட்டது, சோதனையை நிறுத்திவிட்டார்கள், “மூணு வருஷம் குப்பைக்குப் போச்சும்மா, நான் ஊருக்கே வந்துடறேன், ஏதாவது காலேஜ்ல பாடம் எடுக்கிறேன்” என்று அழுதாய். நீ அழுதுகொண்டிருக்க, நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். அப்புறம் எனக்கே வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாமாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். ஈரலில் எரிந்த விளக்குகளில் பல அணைந்திருக்கின்றன, சில அப்படியேதான் இருக்கின்றன, இது முழுதும் போகாது, இதோடு வாழ வேண்டும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். மாமா அதற்குத் தயாராகத்தான் இருந்தான். அவன் உள்ளே இருந்தபோது வெளியே என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தமிழ் கேட்டுத் திரும்பினேன். பெயர் மாயம்மாள், ஊர் உசிலம்பட்டிப் பக்கம், இப்போது இங்கே பள்ளுருத்தியில் குடியிருக்கிறாள். புருஷன் ஒச்சப்பன் கட்டட மேஸ்திரி. அவருக்கும் இதே வியாதி என்று அவள் சொன்னதும், நான் பெரிய அனுபவசாலி மாதிரி, பயப்படாதே, விளக்கு எரிந்தால் மருந்து போய்ச் சேரும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் நான் முடிக்கிறவரை கேட்டுவிட்டு, “எங்க வீட்டுக்காரருக்கு அது எரியலக்கா” என்றாள். படம் முழுக்க இருட்டாம். கட்டி இருக்கிறது, கொக்கி இல்லை. மாமாவுக்குக் கொடுத்த மருந்து அவர் கட்டியில் மாட்டிக்கொள்ளாது என்று சொல்லி வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது ஆஷிஃபா. மாமாவைப் பிழைக்கவைத்த மருந்தை முன்னாலேயே யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். நீ இந்த மூன்று வருடம் தேடினது அந்த இருட்டுப் படக்காரர்களுக்கு. நீ பலமுறை சொல்லியிருக்கிறாய், நான்தான் மாமாவை மட்டுமே மனதில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். மாயம்மாளிடம், என் மகள் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் மருந்து தேடுகிறாள், இந்தத் தடவை சரியாக வரவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். மருந்து எப்போது வரும் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. “எங்கள மாதிரி ஆளுக இருக்கோம்னு ஒங்க மகளுக்குத் தெரியுமாக்கா?” என்று கேட்டாள். நல்லாத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அப்போது அவள் புருஷன் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தார், ஒல்லியான ஆள், சட்டையில் சுண்ணாம்பு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் அவரிடம், “இவுக மக வெளிநாட்டுல நமக்காகத்தான் படிக்குதாம்” என்றாள். அவர் இன்னொரு தடவை கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு உரியது இல்லை, அதனால் உனக்கு அனுப்புகிறேன். உன்னைப் பெற்றதில் எனக்கு எத்தனையோ நாள் பெருமையாக இருந்திருக்கிறது, நீ பட்டம் வாங்கின அன்றைக்குக்கூட இப்படி இருந்ததில்லை.

ஊருக்கு வருகிறதானால் வா, உன் அறையைப் பெருக்கித்தான் வைத்திருக்கிறேன், இருந்து தேடுகிறதானால் இரு, இரண்டும் உன் முடிவு, அத்தாவும் நானும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். அல்லாஹ் உன் அறிவிலும் கைகளிலும் பரக்கத் செய்வானாக, உன்னைத் தனியாக விடாமல் இருப்பானாக. ஈரத் தலையோடு சைக்கிளில் போகாதே, குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க மறந்துவிடாதே. இன்னொன்று, மாயம்மாளிடம் உனக்குத் தெரியும் என்று நான் சொன்னபோது அது பொய், வியாதிதான் உனக்குத் தெரியும், இவர்களைத் தெரியாது. நீ இந்த வரியை வாசிக்கும்போது உண்மையாகிவிடும். பெயர் ஒச்சப்பன், மேஸ்திரி, பள்ளுருத்தி.

என்றும் உனக்காக துஆ கேட்கும்
அம்மா
ஜலீலா மொய்து