என் கடலில் அவன் பெயர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கையில் இன்னும் பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் நாற்றம் போகவில்லை.

கோவளத்தில் மீன் ஏலம் எடுக்கும் பெண்களை வரைந்தது நான். கல்லூரிப் பயிற்சிக்காக மாமல்லபுரத்தில் ஓவியக் கேலரி நடத்தும் ஓர் ஆளிடம் சேர்ந்து, ஐந்து வாரம் உட்கார்ந்து வரைந்த படம். "முதல்ல காயட்டும், கையெழுத்து அப்பால போட்டுக்கலாம்" என்று சொல்லியிருந்தான். இன்று காலை போனால், படம் முன்சுவரில் தொங்குகிறது. கீழே, கடலின் ஓரத்தில், சிவப்பில் அவன் பெயர்.

"இன்னா சார் இது?" என்றேன்.

"என் கேன்வாஸு, என் பெயின்ட்டு, என் எடம். உன் பேரை எவன் பாக்கப் போறான்? தொழிலு இப்டித்தான். கத்துக்கோ."

படம் பார்க்க வந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். நான் துணியை டர்பன்டைனில் நனைத்து அவன் பெயரைத் துடைத்தேன். சிவப்பு இன்னும் காயவில்லை, சுலபமாக வந்துவிட்டது. கூடவே என் கடலும் கொஞ்சம் வந்துவிட்டது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

"வெளிய போடி! லெட்டர் கேட்டுகினு இந்தப் பக்கம் வந்துடாத."

பயிற்சி முடித்தேன் என்று அவன் கடிதம் தராவிட்டால் கல்லூரியில் என் பயிற்சி செல்லாது. அங்கேயே வரையும் ஜெனிஃபர் பஸ் நிறுத்தம்வரை ஓடிவந்தாள். "ஒரு சாரி சொல்லிடேன்டி, முடிஞ்சிடும்" என்றாள். அவள் படங்களிலும் அவன் பெயர்தான் இருக்கிறது. நான் பஸ் ஏறிவிட்டேன்.

நாளைக்குக் கல்லூரியில் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். சாரி மட்டும் சொல்ல மாட்டேன். எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். துடைத்த இடத்தில் என் பெயரை எழுதாமல் வந்துவிட்டேன்.