உன் தொடரில் அப்பா கண்ட குறை

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்று ஆகியிருக்கும். பதறாதே, நல்ல சேதிதான். போனில் சொல்லலாமென்று எடுத்தேன், அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன். கடிதத்தில் அழுதால் உனக்குக் கேட்காது.

முதலில் நீ வசனம் எழுதுகிற டிவி தொடரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன். அந்த மாமியார்க்காரிக்கு மட்டும் எதற்கு அத்தனை நல்ல வசனம்? நல்லவர்களெல்லாம் வாயைத் திறந்தால் "விடுங்க, பரவாயில்ல" என்பதோடு சரி. எதிர் வீட்டு அக்கா மாமியார் கட்சி. நான் அந்த அச்சகம் நடத்துகிற மூத்த பெண்ணின் கட்சி. தினமும் நம் வீட்டில்தான் சண்டை நடக்கிறது. ஒருத்தி கதவைத் திறந்தால் மூன்று தரம் முகத்தைக் காட்டி இடி இடிக்க வைப்பது உன் வேலை இல்லை என்று தெரியும், இருந்தாலும் அங்கே யாரிடமாவது சொல்லிவை. அடுப்படியில் நிற்கிறவளுக்கு உதட்டுச் சாயம்கூட அழியவில்லை. நான் ஒரு டீ போட்டுவிட்டு வந்தால் மாரத்தான் ஓடியவள் மாதிரி இருக்கிறேன்.

இனி அப்பா.

ஆயுசு முழுக்க ஊராரின் டிவியைப் பிரித்து மாட்டியவர் அவர். "பெட்டியச் சரி பண்றதோட என் வேலை முடிஞ்சுது, உள்ள நடக்கிற கூத்தையும் நான்தான் பாக்கணுமா" என்பார். நீ வங்கி வேலையை விட்டுவிட்டு வசனம் எழுதப் போகிறேன் என்றபோது அவர் பேசியதையெல்லாம் மறுபடி எழுத எனக்கு மனசில்லை. அதன் பிறகும் உன் தொடர் ஆரம்பிக்கிற பாட்டு கேட்டாலே மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபின் மாடி எங்கே, படி எங்கே? நாற்காலி டிவிக்கு எதிரே. நாக்கும் எழவில்லை. அணைக்கட்டுமா என்று நான் கேட்டால் பேசாமல் இருப்பார். பேசவும் முடியாதே.

ஒருநாள் செய்தி பார்க்கலாமென்று சேனலை மாற்றினேன். இடது கையால் நாற்காலியைத் தட்டினார். தண்ணீர் கொடுத்தேன், தள்ளிவிட்டார். மின்விசிறியைக் கூட்டினேன், தட்டினார். பாத்ரூமா என்றேன், முறைத்தார். அலுத்துப்போய் உன் தொடரையே திரும்ப வைத்தேன். கை நின்றது. அன்றே உனக்குச் சொல்லியிருப்பேன். நானாக ஒன்றைக் கற்பனை செய்து உன் மனசில் ஆசையை வளர்த்துவிடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

பேச்சுப் பயிற்சி தர ஒரு பெண் வருகிறாள். சீப்புப் படத்தையும் கோப்பைப் படத்தையும் நீட்டி, "இது என்னங்க ஐயா?" என்பாள். இவர் சுவரைப் பார்ப்பார். "ஐயாவுக்குப் பேசணும்கற விருப்பமே வரலம்மா" என்று போன மாதம் வாசலில் வைத்து என்னிடம் சொன்னாள். அன்று நான் சாப்பிடவில்லை.

போன வியாழக்கிழமை என்ன ஒளிபரப்பானது என்று உனக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டார் அந்த மூத்த பெண்ணிடம், அப்பா விட்டுப்போன அச்சகத்தை எழுதிக் கொடு, அப்புறம்தான் கல்யாணம் என்கிறார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு "உங்க இஷ்டம்" என்கிறாள். எதிர் வீட்டு அக்கா மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் அழுகைதான். அப்போது நாற்காலியிலிருந்து ஒரு குரல். கரகரவென்று, பல நாள் திறக்காத கதவு மாதிரி.

"இவ... அழ மாட்டா."

எதிர் வீட்டு அக்காவுக்குக் கதையில்தான் கண். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அழாம என்னண்ணா பண்ணுவா, பொம்பளப் புள்ளதானே?" என்று கேட்டுவிட்டாள்.

"கேப்பா," என்றார் அப்பா. "இவ... கேள்வி... கேப்பா."

அதற்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அக்கா என் கையைப் பிடித்துக் குதித்த குதியில் டீ முழுக்கத் தரையில். மாமியார் கட்சியை அன்றோடு விட்டுவிட்டாள். நான் அவர் காலடியில் உட்கார்ந்து, இன்னொரு தரம் சொல்லுங்க என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. திரையைக் காட்டி, "தப்பு. தப்பா... எழுதியிருக்கு" என்றார். பேச்சு திரும்பி வந்ததும் முதல் வேலை, உன்னைக் குறை சொன்னது!

அந்த அச்சகப் பெண்ணை நீ யாரை மனசில் வைத்து எழுதுகிறாய் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது. வேலையை விட்டுத் துணிப்பெட்டியோடு வாசலில் நின்ற அன்று நீயும் அழவில்லை. "நான் எழுதப்போறதப் பாக்காமயே எப்படிப்பா திட்டுறீங்க?" என்றுதான் கேட்டாய். இப்போது பார்த்துவிட்டுத் திட்டுகிறார், போதுமா?

மறுநாள் பயிற்சிக்கு வந்த பெண் படங்களைப் பைக்குள் போட்டுவிட்டாள். கதையில் யார் கெட்டவர் என்று கேட்டாள். "எல்லாரும்" என்றார். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. இப்போது பேச்சுப் பயிற்சி முழுக்க டிவிதான். பாட்டுப் போட்டியில் எந்தப் பாட்டுக்கும் கண் கலங்குகிற நடுவரைக் காட்டி "நடிப்பு" என்கிறார். செய்தி விவாதத்துக்கு "சந்தை". சில சமயம் வார்த்தை மாறிவிடுகிறது. தண்ணீருக்குப் பதில் ஜன்னல் கேட்கிறார். கேட்கட்டும், நான் வீட்டையே பெயர்த்துக் கொடுப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு நீ வந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நீ அன்றே ரயிலேறிவிட்டாய். அது கோபம் இல்லையம்மா. வாய் கோணிக் கிடந்த அந்த முகத்தை நீ பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தார். அது எனக்கும் முந்தாநாள்தான் தெரிந்தது. அவரே சொன்னார், ஒவ்வொரு சொல்லாக.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய். அவர் எடுப்பார். நடுநடுவே சத்தமே இருக்காது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. பிறர் பேச்சை முடித்துவைக்கிற பழக்கம் உனக்கு உண்டு, தொழில் அப்படி. அன்றைக்கு மட்டும் வேண்டாம். உன் பெயர் இன்னும் முதல் எழுத்திலேயே நிற்கிறது. தினமும் நான் கொல்லைப்புறம் போனதும் சொல்லிப் பார்க்கிறார், எனக்குக் கேட்காது என்று நினைப்பு. வரும்வரை பொறுத்திரு.

இதோ, உள்ளேயிருந்து "யாருக்கு... எழுதுற?" என்கிறார். அவரே கேட்கிறார், பார்! போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

சொல்லிவிட்டேன். "வரச் சொல்லு" என்றார்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்
அம்மா