ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு லீடர்

18-6-1979, ஆம்பூர்
இந்த வருஷமும் ஹெட்மிஸ்ட்ரஸ் ஜெயபுஷ்பம் அம்மா ரேங்க் பார்த்தே வகுப்பு லீடர்களை அறிவித்துவிட்டார். லீடருக்கு என்ன வேலை? சாக்பீஸ் எடுத்துவருவது, டீச்சர் இல்லாதபோது பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது. கோள் சொல்லப் பழக்குவதற்குப் பேர் தலைமையா? எரிச்சலாக வருகிறது. என் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஓட்டுப் போட்டு லீடரைத் தேர்ந்தெடுக்கட்டும், வகுப்பு விஷயங்களை அவர்களே பேசி முடிவு பண்ணட்டும் என்று கேட்டேன். "எலெக்‌ஷனா? கட்சி ஆரம்பிக்கப் போறியா தேவகிருபை?" என்று சிரித்தார். மல்லுக்கட்டி, என் வகுப்புக்கு மட்டும் அனுமதி வாங்கினேன்.

22-6
ஜெயித்தது சௌந்தரம். கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸாகிறவள். அவள் அம்மா ஜெயம்மாள் ஷூ கம்பெனியில் தையல் வேலை. எனக்கு ஏமாற்றம்தான். என் நோட்டில் நானே ஏன் பொய் சொல்ல வேண்டும்?

6-7
வகுப்பா, சந்தைக்கடையா! கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. "உனக்கு எதுக்கு இந்த பேஜாரு?" என்கிறார் வீட்டுக்காரர்.

13-7
ஜன்னலோர பெஞ்சுக்கு ஓயாத சண்டை. சௌந்தரம் பேசி முடித்துவிட்டாள் — வாராவாரம் எல்லா வரிசையும் இடம் மாற வேண்டும், லீடர் உட்பட. இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

27-7
இன்று புதுக் கட்டடத் திறப்பு விழா. பணம் கொடுத்த தோல் டேனரி முதலாளி வந்து 'நாளைய தலைவர்கள்' என்று பேசப்போகிறாராம். அதற்காகக் காலையிலிருந்து பிள்ளைகளை ரோட்டோரம் வெயிலில் நிற்க வைத்தார்கள். உச்சி வெயில் வந்தது, கார் வரவில்லை. என் வகுப்பு அஜீஸுன்னிசா மயங்கி விழுந்தாள். சௌந்தரம் ஓடிப்போய் ஹெட்மிஸ்ட்ரஸிடம் நிழலுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாள். "வாய மூடிட்டுப் போய் நில்லு." திரும்பி வந்தவள், "வாங்கடி, கிளாஸுக்குப் போலாம்" என்று மொத்த வகுப்பையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். மேடையில் மாலையோடு நின்ற நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சபாஷ்டி என்று மனசுக்குள் சொன்னேன். கார் வந்தபோது எங்கள் இடம் மட்டும் காலி.

28-7
சௌந்தரம் திங்கட்கிழமை பிரேயரில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் டி.சி. நான் கேட்கிறேனே அம்மா, என் வகுப்புதானே என்று கெஞ்சினேன். "லீடர் அவதானே? அவளே கேக்கட்டும்." ஜெயம்மாள் வேலையை விட்டு ஓடிவந்தார். "டி.சி. குடுத்தாங்கன்னா அவங்க அப்பா கம்பெனில சேத்துடுவாரு டீச்சர். நான்தான் அதுல கெடந்து சாவறேன், அவளாவது படிக்கட்டும். நீங்க சொன்னா கேப்பா." இந்தப் பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடினால் என்ன?

30-7
பிரேயருக்கு முன்னால் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.
"நான் இன்னா தப்பு பண்ணேன் டீச்சர்?"
"ஒரு தப்பும் இல்லடி. ஆனா கேட்டுடு. படிப்பு போயிடும்டி."
பிரேயரில் போய் மன்னிப்புக் கேட்டாள், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. தலை குனியவில்லை. நான்தான் குனிந்துகொண்டேன். படிப்பு தப்பித்தது, போதாதா? போதாது. ஆத்திரம் தீரவில்லை — யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

10-8
சௌந்தரம் லீடர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மறுபடி ஓட்டு வைக்கலாம், யார் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு கைகூட எழவில்லை. சத்தமே இல்லாத வகுப்பு. அந்தப் பக்கம் போன ஹெட்மிஸ்ட்ரஸ் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.
"அஜீஸு, நீ நில்லேன்டி" என்றேன்.
அவள் எழுந்து மரியாதையாகத்தான் சொன்னாள்: "வேணாம் டீச்சர். நாளைக்கு எதுனா ஆச்சுன்னா நீங்களே மன்னிப்பு கேக்கச் சொல்வீங்க."
உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன்.