கொடிக்கம்பத்தைச் சுற்றிய பாடம்

இன்று இரும்பு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது துளை அட்டைக் கட்டு ஒன்று கையில் வந்தது. சுற்றியிருந்த ரப்பர் வளையம் இளகி அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. மேலட்டையில் உன் கையெழுத்து. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளில் நம் தூத்துக்குடிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் ஏது? நீயும் நானும் கணக்கு டீச்சர்கள். கோடை விடுமுறையில் சென்னைக்குப் போய் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்துவிட்டு வந்து, பிள்ளைகள் கண்ணால் பார்த்திராத இயந்திரத்துக்கு எப்படிக் கட்டளை எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தோம். அவர்கள் எழுதும் புரோகிராமைத் தபாலில் சென்னைக்கு அனுப்புவோம். அங்கே அதைத் துளை அட்டைகளாக்கி இயந்திரத்தில் ஓட்டுவார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த அட்டைகளோடு பதில் வரும், பெரும்பாலும் தப்பு என்று.

நான் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அவர்கள் மனப்பாடம் செய்வார்கள். நீ புன்னைக்காயல்காரி, சும்மா இருப்பாயா? வகுப்பையே மைதானத்துக்குக் கூட்டிப்போனாய். ஒருத்தி கையில் சிலேட்டு, புரோகிராமில் எண்ணை வைத்திருக்கும் மாறி அதுதான். இன்னொருத்தி, பிள்ளைகள் எழுதிய புரோகிராமில் உள்ளபடியே கொடிக்கம்பத்தைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் சிலேட்டில் ஒன்று கூட்ட வேண்டும்; பத்து வந்தால் நிற்கலாம். ஒருநாள் ஒன்று கூட்டும் வரியையே ஒரு பெண் எழுத மறந்துவிட்டாள். சுற்றுகிறவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். வெயில் தாங்காமல், போதும் நிறுத்து என்று கத்தினேன்.

"நிக்கச் சொல்லி எங்கன எழுதியிருக்கு, ஏளா? இப்பதான பிள்ளையளுக்குப் புரியுது," என்றாய்.

புரிந்தது. என் வகுப்பில் ஒருநாளும் அப்படிப் புரிந்ததில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் முதல்வரிடம் போய், நீ பிள்ளைகளை வெயிலில் வாட்டுகிறாய், பாடமே நடக்கவில்லை என்று சொன்னேன். ஃபோர்ட்ரான் வகுப்பு முழுவதும் எனக்கு வந்தது, உனக்கு அல்ஜீப்ரா.

யார் சொன்னது என்று உனக்குத் தெரியும். இருந்தும், உன் குறிப்பு நோட்டைக் கொண்டுவந்து தந்து, "அந்தப் பின்பெஞ்சுப் பிள்ளையள விட்டுராத, என்ன," என்று மட்டும் சொன்னாய்.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. படுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டும் வரவில்லை. என்ன முகத்தோடு வருவேன்? உங்கள் ஊர் மாதா கோயிலில் சவப்பெட்டியை மூடும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

அந்த வருடமே நானும் பிள்ளைகளைக் கொடிக்கம்பத்துக்குக் கூட்டிப்போனேன். வேறு வழி தெரியவில்லை. பின்பெஞ்சுக்காரிகள் எல்லாருக்கும் புரிந்தது. அவர்களில் ஒருத்தி, "இத யாரு மிஸ் கண்டுபிடிச்சா?" என்று கேட்டாள்.

"நாந்தான்," என்றேன்.

அந்தப் பெண்களில் பலர் இன்று டீச்சர்கள். தங்கள் பிள்ளைகளையும் அப்படியே சுற்றவிட்டு, இது எங்கள் மிஸ் கண்டுபிடித்தது என்று என் பெயரைச் சொல்கிறார்களாம். என்னிடமே பெருமையாக வந்து சொல்வார்கள். இன்றுவரை ஒருத்தியிடமும் உன் பெயரைச் சொல்லவில்லை.